தோளில் தட்டித் தெரிவு செய்த ஹொக்கி ரீம்

தெரிவுக் குழுத் தலைவர் அவர்களே, நீங்கள் ஒரு பெடியனின் ஆட்டத்தைப் பார்க்காமலே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. வாசகர்களுக்கு அது தெரியும். மீன் விலை, பஸ் நிலையத்துக் கழிவறை, பாணுக்கு நிற்கும் கியூவில் நடக்கும் இடிபாடு என்று வாரா வாரம் இந்த இடத்தில் திட்டிக்கொண்டிருப்பவன் நான். திட்டு வாங்கியவர்களில் சிலர் வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சிலர் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கித் தருவார்கள். இரண்டுமே பழகிவிட்டது.

இந்த வாரம் ஹொக்கி.

சிரிக்க வேண்டாம். துறைமுகத்தில் இயந்திரம் திருத்தும் பிற்றர் வேலை பார்க்கும் நான், விடுமுறை நாட்களில் ஹொக்கி நடுவர் என்பது பலருக்குத் தெரியாது. போன ஞாயிறு நடந்த தெரிவு ஆட்டத்துக்கு விசில் ஊதியவன் நான்தான். ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை. மைதானத்தின் நடுவில் நின்று பார்த்த கதை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மாவட்டத்து இருபது வயதுக்குட்பட்ட ரீம் கொழும்புக்குப் போகிறது. அங்கே நடக்கும் போட்டியைப் பார்க்கப் பெரிய கந்தோர்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கும் ஹொக்கி ரீம்கள் இருக்கின்றன. நன்றாக ஆடும் பெடியனைக் கண்டால் கூப்பிட்டு உத்தியோகம் கொடுத்துவிடுவார்கள். போன முறை எங்கள் கோல் காவலன் அப்படித்தான் போனான். இன்றைக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கொழும்பில் வேலைக்குப் போகிறான்.

பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுச் சந்திக்குச் சந்தி குந்தியிருக்கும் பெடியன்களுக்கு இது விளையாட்டா? நீங்களே சொல்லுங்கள். இந்த ரீமில் ஒரு இடம் என்றால் அது வெறும் ஜேர்சி இல்லை. வெளியே போகும் ஒரு வாசல்.

அந்த வாசலில் யார் நிற்கிறார், எப்படி ஆள் விடுகிறார் என்பதுதான் கதை.

தலைவரின் பெயரைப் போட மாட்டேன். ஊருக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்கு இவ்வளவு போதும்: கப்பல்களில் சாமான் ஏற்றி இறக்க ஆள் விடும் ஒப்பந்தக்காரர் அவர். ரீமுக்கு ஜேர்சி, பஸ், சாப்பாடு எல்லாம் அவருடைய கைச்செலவு. அதை நான் மறைக்கவில்லை. கஞ்சன் இல்லை. கெட்ட மனிதர் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் ஆள் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும்.

காலையில் இறங்குதுறை வாசலில் கூலி வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒப்பந்தக்காரர் அந்த வரிசை நெடுக நடப்பார். வாய் திறக்க மாட்டார். தோளில் தட்டினால் அன்றைக்கு வேலை. தட்டாமல் போனால் வீட்டுக்கு. ஏன் என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. தட்டியபின் ஏலாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. சொன்னவனுடைய தோளை அந்தக் கை பிறகு தேடி வராது.

மூட்டை தூக்க அது சரியான முறைதான். தோளையும் முதுகையும் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஹொக்கிக்கு?

ஞாயிறு காலை, கடற்கரையோர மைதானம். வழக்கம்போல மான்கள் உள்ளே மேய்ந்துகொண்டு நின்றன. அவற்றைத் துரத்திவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிப்பதற்குள் பெடியன்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்தவர்கள், சீனன்குடாவில் இருந்து சைக்கிளில் வந்தவர்கள். திரியாயில் இருந்து வந்தவர்கள் விடிய முதல் பஸ் ஏறியிருக்கிறார்கள். பாணும் சம்பலும் பேப்பரில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவரிடமும் புது மட்டை இல்லை. இப்போது எங்கே புது மட்டை வருகிறது? வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பழைய மட்டைகள்தான். வெடித்த இடத்தில் சைக்கிள் ரியூப் றப்பர் சுற்றி, கைபிடியில் சணல் கட்டி...

தலைவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடத் தெரிவுக் குழுவின் மற்ற இரண்டு பேரும். இறங்கியவுடன் அவர் சொன்ன முதல் வசனம் இதுதான்:

"மட்டையளைக் கீழை வையுங்கோ. எல்லாரும் லைனிலை நில்லுங்கோ!"

மட்டையைக் கீழே வைக்கச் சொல்லி ஹொக்கித் தெரிவு நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெடியன்கள் வரிசையில் நின்றார்கள். அவர் நடந்தார். ஒரு வார்த்தை இல்லை. உயரமான தோள் ஒன்றில் தட்டினார். அவன் வலப்பக்கம் போனான். அடுத்தவனைத் தாண்டினார். அதற்கடுத்தவனைத் தட்டினார். எனக்கு ஒரு நிமிடம் இது மைதானமா இறங்குதுறையா என்று விளங்கவில்லை.

வரிசையில் நஸீர் நின்றான். அவனுடைய சம்மதத்தோடுதான் பெயர் போடுகிறேன். கிண்ணியாப் பெடியன். டவுனில் மாமாவின் தேத்தண்ணிக் கடையில் வேலை. பத்தொன்பது வயது முடியப் போகிறது. அடுத்த வருஷம் இந்த ரீமுக்கு வயது தாண்டிவிடும். உயரம்? என்னுடைய தோளுக்குக் கீழேதான். நானே நெட்டையன் இல்லை.

அந்தக் கை நஸீரின் தலைக்கு மேலால் போய்ப் பக்கத்தில் நின்றவனின் தோளில் விழுந்தது.

நஸீர் வாய் திறந்தான்.

"சேர், நான் முன்வரிசையில லெப்ட் இன் ஆடுறவன். ஒருக்கா ஆட விட்டுப் பாருங்க சேர்."

தலைவர் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"எதிலை ஆடுறாய்? கரம் போர்ட்டிலையோ?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்ற ஒருவன், "டேய், பந்துக்குப் பக்கத்தில இவன் நிண்டா எது பந்து எண்டு தெரியாதடா!" என்றான். அதற்கும் சிரிப்பு.

நஸீர் சிரிக்கவில்லை. "சேர் நான் நிண்டதைத்தானே பாத்தீங்க" என்றான்.

"அது காணும்" என்றுவிட்டு அவர் நடந்தார்.

அது காணுமாம்! நின்றதைப் பார்த்ததே போதுமாம்! அலுமாரி வாங்கப் போகிறவர்கள்கூடக் கதவைத் திறந்து பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

இனி இன்னொரு பெடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோகன். டவுன் பெடியன், நஸீரின் கூட்டாளி. அன்றைக்குச் சைக்கிள் பாரில் நஸீரை ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். ஆட வரவில்லை. ஹொக்கி மட்டையை வாழ்க்கையில் கையால் தொட்டதில்லை. ஆனால் ஆறடிக்குக் கிட்ட உயரம், அதற்கேற்ற உடம்பு. காலையில் இறங்குதுறை வாசலில் வரிசையில் நிற்பவர்களில் அவனும் ஒருவன்... இதே தலைவரின் கை தோளில் விழுவதற்காக.

'எல்லாரும் லைனிலை நில்லுங்கோ' என்று தலைவர் சொன்னதும் யோகனும் போய் லைனில் நின்றுவிட்டான். பழக்கம்! அந்தக் குரலைக் கேட்டால் அவன் நிற்பான். கை அவனுடைய தோளில் விழுந்தது. அவன் நஸீரைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். வலப்பக்கம் நடந்து போனான்.

தட்டு வாங்காதவர்களைப் பார்த்து, "நீங்கள் போகலாம்" என்றார்கள். திரியாய்ப் பெடியன்களில் ஒருவன் மாமரத்தின் கீழ் உட்கார்ந்து அந்தப் பாணைப் பிரித்துச் சாப்பிட்டான். இனி என்ன செய்வது, வந்ததற்குச் சாப்பிட்டாவது போகலாம் என்று நினைத்திருப்பான்.

பிறகு தட்டு வாங்கியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு ஆட்டம் வைத்தார்கள். நான் விசில் ஊதினேன். ஊதினேன், ஊதினேன், வாய் நோகும்வரை ஊதினேன். யோகனைக் கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் புல் பேக்காக நிறுத்தியிருந்தார்கள். அவன் மட்டையைக் குழி தோண்டும் அலவாங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். பந்து வந்தால் தலைக்கு மேலே தூக்கி ஓங்கினான். தோளுக்கு மேலே மட்டை போனால் பிழை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஊதும்போதெல்லாம் "சொறி அண்ணை, சொறி அண்ணை" என்றான். பாவமாக இருந்தது.

தலைவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்: "பரவாயில்லை! பழகிக்கொள்ளுவான்!"

நடு ஆட்டத்தில் மூதூர்ப் பெடியன் ஒருவன் காலைச் சுளுக்கிக்கொண்டு வெளியே போனான். ஒரு பக்கம் ஆள் குறைவு. அந்த நேரம் குழுவினர் மூன்று பேரும் ஜீப் பக்கம் போயிருந்தார்கள். பொனற்றில் ஜேர்சிகளைப் பரப்பி, ஒருவர் முதுகில் ஒருவர் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பெரிய சைஸ். ஆளைத் தெரிவு செய்யுமுன்பே சட்டை தைத்தாயிற்று! நான் மரத்தடியில் நின்ற நஸீரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். நடுவருக்கு ஆள் இறக்கும் உரிமை இல்லைதான். ஒருவரும் மறுக்கவில்லை.

வாசகர்களே, நான் அதிகம் புகழ்கிறவன் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் மைதானம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு பக்கம் கடல் மணல், மறு பக்கம் சரளைக் கிறவல். பந்து நேராக வருகிறது என்று நினைத்து மட்டையை வைத்தால் அது முழங்காலுக்குப் பாயும். நெட்டைப் பெடியன்கள் நிமிர்ந்து நின்று மட்டையை நீட்டினார்கள். பந்து அவர்களை ஏமாற்றிவிட்டுப் போனது. நஸீர் குனிந்து நின்றான். மட்டை நிலத்தோடு ஒட்டியிருந்தது. வந்த பந்து அங்கேயே நின்றது.

அதுகூடப் பெரிதில்லை. அந்த வேலை தெரிந்த பெடியன்கள் வேறும் இருக்கிறார்கள். நான் கவனித்தது வேறு ஒன்று. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவன் தலையைத் திருப்பி ஒருதரம் பின்னால் பார்க்கிறான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறான். ஆகவே பந்து வந்து சேரும்போது அவனுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பந்தைப் பிடித்தபின் பார்க்கிறார்கள், அதற்குள் எதிர்ப்பக்கத்து ஆள் வந்துவிடுகிறான்.

இரண்டு புல் பேக்குகளுக்கும் நடுவால் அவன் ஒரு பந்து கொடுத்தான். யோகன் ஒரு பக்கம், சீனன்குடாப் பெடியன் மறு பக்கம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பந்து போய்விட்டது. ரைட் விங் ஓடி வந்தான், வெறும் கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்தான். நஸீர் தலையில் கை வைத்தான். அவ்வளவுதான், திட்டவில்லை.

ஒருமுறை அந்தச் சீனன்குடாப் பெடியன் தோளால் இடித்து நஸீரை விழுத்தினான். நான் ஊதினேன். நஸீர் எழும்பிக் காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் பந்தை வைத்து அடித்தான்.

இதில் எதையும் தலைவர் பார்க்கவில்லை. அவர் ஜேர்சிக் கழுத்துப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. பெயர்களை வாசித்தார்கள். யோகன் இருந்தான். நஸீர் இல்லை.

நான் போய்க் கேட்டேன். கேட்காமல் வர எனக்கு முடியாது.

"அந்தக் கிண்ணியாப் பெடியன் ஆடினதைப் பாத்தனீங்களோ?"

"எந்தப் பெடியன்?"

"லெப்ட் இன். சின்னப் பெடியன்."

"நீரே சொல்லுறீர் சின்னப் பெடியன் எண்டு. பிறகென்ன கதை?" அவர் சிகரட்டைப் பற்ற வைத்தார். "போன வருஷம் கொழும்பிலை என்ன நடந்தது? சின்னச் சின்னப் பெடியளைக் கொண்டுபோய் விட்டம். அவங்கள் இடிச்சு விழுத்தி, ஒருத்தன்ரை தோள் எலும்பு உடைஞ்சு, அவன்ரை தாய்க்கு நான்தான் போய்ப் பதில் சொன்னனான். நீரோ போனனீர்? உமக்கு விசில். எனக்குத்தான் பழி."

அதில் உண்மை இருக்கிறது. போனது அவர்தான். அந்தத் தாயின் முன்னால் நின்றதும் அவர்தான். அதை நினைத்து நான் கொஞ்சம் இறங்கித்தான் பேசினேன்.

"எல்லாருமே நெட்டையனாய் இருந்தால் சரிவருமோ? ஆடத் தெரிய வேணுமே."

"ஆட்டத்தைப் பழக்கலாம் ஓய். உயரத்தைப் பழக்க ஏலுமோ?"

கூட நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.  அவர், "உம்மை விசில் ஊதத்தான் கூப்பிட்டது. ஊதியாச்சு. போம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபின்தான் எனக்குப் பதில் வந்தது. எப்போதும் அப்படித்தான். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது. உயரம் ஒன்றுமில்லாத விஷயம் என்று நான் சொல்லவில்லை. புல் பேக்குக்கு நீண்ட கை வேண்டும். கோலுக்கு முன்னால் அகலமான உடம்பு உதவும். இரண்டு பெடியன்களின் ஆட்டமும் ஒரே மாதிரி இருந்தால் நானும் பெரியவனைத்தான் எடுப்பேன். ஆனால் ஆட்டம் ஒரே மாதிரியா என்று தெரிய முதலில் ஆட்டத்தைப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது. போன வருஷம் எங்கள் பெடியனின் தோள் எலும்பு ஏன் உடைந்தது? அவன் குள்ளன் என்பதாலா? ஹொக்கியில் உடம்பால் இடிப்பது பிழை. சட்டம் அப்படி. இடித்தவனுக்கு விசில் ஊத வேண்டிய நடுவர் ஊதவில்லை. அதற்குக் கொழும்பில் போய்ச் சண்டை பிடித்திருக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் பக்கத்திலும் இடிப்பதற்கு ஆள் தேடுகிறோம். நடுவர்களின் குற்றத்துக்குக் குள்ளப் பெடியனுக்குத் தண்டனை!

மூன்றாவதுதான் என்னை இந்த வாரம் முழுக்கத் தூங்க விடாதது. பெரிய உடம்புக்காரன் பிழை விட்டால் 'பழகிக்கொள்வான்' என்கிறோம். சின்ன உடம்புக்காரன் பிழை விட்டால் 'நான் அப்போதே சொன்னேன்' என்கிறோம். ஒருவனுக்கு வருஷக் கணக்கில் பொறுமை. மற்றவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இது ஹொக்கியில் மட்டுமா? கந்தோரில் இல்லையா, பள்ளிக்கூடத்தில் இல்லையா, பெண் பார்க்கப் போகும் வீட்டில் இல்லையா? கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பிடித்துக்கொள்வது சுகமான வேலை. நாளைக்குத் தோற்றாலும், 'நல்ல ஆட்களைத்தானே அனுப்பினேன், பார்த்தீர்கள்தானே' என்று சொல்லித் தப்பலாம். குள்ளனை அனுப்பித் தோற்றால் அனுப்பினவன் மாட்டிக்கொள்வான். தெரிவு செய்கிறவர்கள் அதிகம் பேர் ரீமைத் தெரிவு செய்வதில்லை. தோற்றால் சொல்லத் தங்களுக்கு ஒரு சாக்குப்போக்கைத் தெரிவு செய்கிறார்கள்.

சிலர் இதற்கு இனச் சாயம் பூசப் பார்க்கிறார்கள். என்னிடமே வந்து காதுக்குள் சொன்னார்கள். இல்லை. தட்டு வாங்கிய தோள்களில் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். தட்டு வாங்காமல் போனவர்களிலும் அப்படித்தான். இந்தக் குற்றத்தை வேறு குற்றமாக மாற்றி ஊரைக் குழப்ப வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நஸீரின் மாமா கடைக்குப் போனேன். யோகன் அங்கே கதிரையில் குனிந்தபடி இருந்தான். மடியில் அந்த ஜேர்சி.

"எழுதப் போறியளோ அண்ணை?" என்றான்.

"ஓம். ஏன்?"

"எழுதாதேங்கோ. நாளைக்கும் நான் வாசலிலை நிக்க வேணும். வீட்டிலை என்ரை உழைப்பு மட்டும்தான்."

"நீ ஏன்ரா அண்டைக்கு லைனிலை நிண்டனீ? ஆடத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"என்ன செய்ய அண்ணை? அந்தக் கை தோளிலை பட்டால் கால் தன்பாட்டிலை நடக்குது."

நஸீர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தான். யோகனைப் பார்த்துச் சொன்னான்:

"நீ போய்ட்டு வாடா மச்சான். கொழும்பைப் பாத்திட்டு, ஜேர்சியோட ஒரு போட்டோவும் புடிச்சிட்டு வா."

"போட்டோவிலையாவது நான் நல்லா ஆடுவன்" என்றான் யோகன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை.

நஸீரிடம் கேட்டேன்: "இனி என்ன செய்யப் போறாய்?"

"வாப்பா சொல்லிட்டார் அண்ணன். இந்த முறையும் சரிவராட்டித் தன்னோட மீன் தோணிதான் எண்டு."

"தோணிக்கென்ன? நல்ல தொழில்தானே?"

"தொழில் நல்லம்தான். எனக்குத்தான் கடல் ஒத்துவராது. ஏறின நேரத்தில இருந்து வயித்தப் பிரட்டிச் சத்தி. வாப்பாட ஆக்கள் அவரிட்ட, 'மகனை வலை இழுக்கவா கூட்டி வாறீங்க, இல்லாட்டி நாங்க நோயாளி பாக்கவா' எண்டு கேக்குறாங்க." மேசையைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். "அவர் என்னை ஆட விட்டுப் போட்டு, 'நீ சரியில்ல, போ' எண்டு சொல்லியிருந்தா நான் போயிருப்பன் அண்ணன். வாப்பாட்டச் சொல்லவும் ஒரு கதை இருந்திருக்கும். இப்ப என்ன சொல்ல? நிண்டன், வந்துட்டன் எண்டா?"

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். யோகனுக்காக எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையாகத்தான் சொன்னேன். என்னுடைய கோபத்துக்காக ஒருவனின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

அடுத்த நாள் காலை எல்லாம் மாறிவிட்டது.

வேலைக்குப் போக நானும் அந்த வாசலால்தான் போக வேண்டும். வரிசை நின்றது. தலைவர் நடந்து வந்தார். யோகனின் தோளில் கை விழுந்தது. அவன் நடக்கவில்லை. சட்டைக்குள் மடித்து வைத்திருந்த ஜேர்சியை எடுத்து நீட்டினான்.

"ஐயா, எனக்கு ஹொக்கி தெரியாது. நஸீருக்குத் தெரியும். இதை அவனுக்குக் குடுங்கோ."

 அந்த இடத்தில் அப்படி ஒருவன் பேசி நான் கேட்டதில்லை.

"உன்னைக் கேட்டனானோ?" என்றார் தலைவர்.

"இல்லை ஐயா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

தலைவர் ஜேர்சியை வாங்கினார். மற்றக் கையால் அடுத்தவனைத் தட்டினார். அன்றைக்கு யோகனுக்கு வேலை இல்லை. மறுநாளும் வந்து நின்றான், மறுநாளும் இல்லை. இனி இதை எழுதுவதால் அவனுக்குப் புதிதாகக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. "இப்ப எழுதுங்கோ அண்ணை, என்ரை பேரையும் போடுங்கோ" என்று அவனே சொன்னபின்தான் எழுதுகிறேன்.

ஜேர்சி திரும்பி வந்துவிட்டது. ரீமில் ஒரு இடம் காலி. சரி, இனியாவது அந்தப் பெடியனைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். குழுவில் இருக்கும் ஒருவரை வீதியில் கண்டு கேட்டேன்.

"கந்தளாயிலை ஒருத்தன் இருக்கிறானாம். ஆறடிக்கு மேலையாம். ஆள் அனுப்பியிருக்கு" என்றார்.

"ஆடுவானோ?"

"அது தெரியாது. வரட்டும், பாப்பம்."

பார்ப்பார்களாம்! கந்தளாயில் இருப்பவனை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். மாமா கடையில் நிற்பவனைப் பார்க்க மாட்டார்களாம்.

தலைவர் அவர்களே, இனி உங்களோடு நேராகக் கதைக்கிறேன்.

நஸீரை ரீமில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என்னுடைய கண்ணும் பிழைவிடலாம். அவன் கொழும்பில் போய்ச் சொதப்பலாம். பெரிய பெடியன்கள் அவனை உண்மையாகவே பந்தாடிவிடலாம். அதை யார் கண்டது? நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்.

வரும் வியாழக்கிழமை பின்னேரம் அதே மைதானத்துக்கு நஸீர் வருவான். அவனிடம் கேட்டுவிட்டேன். விசிலோடு நானும் நிற்பேன். கந்தளாய்ப் பெடியனையும் கொண்டு வாருங்கள். ஒருவனை ஒரு பக்கத்திலும் மற்றவனை மறு பக்கத்திலும் விட்டு ஒரு ஆட்டம் வைப்போம். கோட்டுக்கு வெளியே நின்று, மைதானத்தைப் பார்த்தபடி நின்று, கடைசி விசில் வரை பாருங்கள். பார்த்தபின் 'இவன் வேண்டாம்' என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அப்படிச் சொன்னால் நஸீர் தோணிக்குப் போவான். நானும் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

வராவிட்டால், ரீம் பஸ் ஏறுமுன் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். இடம் தருவதாக ஆசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார். உங்கள் பெயரைப் போட்டு, ஊர் முழுக்க வாசிக்க, ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்:

ஆட்டத்தைப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயப்படுகிறீர்களா, இல்லையா?